பாட்டைத் தேடிய வாத்தியார்

கடலில் வலை இழுக்கும்போது பாட்டு. வயலில் நாற்று நடும்போது பாட்டு. ஏற்றம் இறைக்கும்போது பாட்டு. தொட்டிலை ஆட்டும்போது பாட்டு. இழவு வீட்டில் கூடி அழும்போதும் பாட்டு.

ஒரு காலத்தில் நம் நாட்டில் பாட்டு இல்லாமல் எந்த வேலையும் நடக்காது. மீமிசல் போன்ற கடற்கரை ஊரில் பிறந்து வளர்ந்த பெரியவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியது இல்லை. ஒரு பக்கம் கடல். மறு பக்கம் கண்மாயும் வயலும். இரண்டு பக்கமும் பாட்டுக் கேட்ட சீமை இது.

அந்தப் பாட்டுகளை எழுதியது யார்? யாருக்கும் தெரியாது. எந்த ஏட்டில் இருந்தன? எந்த ஏட்டிலும் இல்லை. பாடிய கிழவி கண்ணை மூடினால், அவளோடு பாட்டும் போய்விடும்.

அப்படிப் போகவிடக்கூடாது என்று நினைத்தார் ஒரு வாத்தியார். அவர் வாழ்ந்தது அமைதியான காலம் அல்ல. போராட்டம், கைது, ஜெயில், கட்சித் தடை, கட்சிப் பிளவு என்று நாடே கொந்தளித்த காலம். அந்தக் கொந்தளிப்பில் அவரும் இருந்தார். ஆனாலும் அவர் கையில் இருந்த நோட்டுப் புத்தகம் மூடவில்லை. ஏழை எளியவர்களின் பாட்டு அதில் ஏறிக்கொண்டே இருந்தது.

அவர்தான் பேராசிரியர் நா. வானமாமலை. "நா. வா." என்றால் திருநெல்வேலிச் சீமையில் படித்தவர்கள் எல்லாருக்கும் தெரியும்.

பெருமாள் பெயர்

திருநெல்வேலியில் இருந்து நாகர்கோவில் போகும் சாலையில் நாங்குநேரி என்று ஓர் ஊர் இருக்கிறது. வைணவர்களின் 108 திருப்பதிகளில் அதுவும் ஒன்று. அந்த ஊருக்கு வானமாமலை என்றும் பெயர் உண்டு. அங்கே பெருமாளுக்குத் தினமும் எண்ணெய்க் காப்பு நடக்கும். அந்த எண்ணெயை ஒரு கிணற்றில் விட்டு வைப்பார்கள். பக்தர்கள் அதை மருந்தாக வாங்கிப் போவார்கள்.

அந்த ஊரில் 1917-ம் ஆண்டு டிசம்பர் 7-ந்தேதி நா. வா. பிறந்தார். ஆசாரமான வைணவ பிராமணக் குடும்பம். பெருமாளின் பெயரையே பிள்ளைக்கு வைத்தார்கள்.

வேதமும் பிரபந்தமும் ஒலித்த தெரு அது. அந்தத் தெருவில் பிறந்த பிள்ளை, பிற்காலத்தில் சேரிப் பாட்டையும் வயல்காட்டுப் பாட்டையும் தேடிப் போகும் என்று அன்று யார் நினைத்திருப்பார்கள்?

வாத்தியார் வேலை

நா. வா. கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றார். ஆசிரியர் பயிற்சியும் பெற்றார். பள்ளிக்கூட ஆசிரியர் ஆனார்.

அது வெள்ளைக்காரன் ஆட்சியின் கடைசிக் காலம். 1942-ல் "வெள்ளையனே வெளியேறு" போராட்டம் வெடித்தது. திருநெல்வேலி ஜில்லாவிலும் தீப்பற்றியது. குலசேகரப்பட்டினம் உப்பளத்தில் லோன் என்ற வெள்ளை அதிகாரி கொல்லப்பட்டார். அந்த வழக்கில் இரண்டு இளைஞர்களுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. பிறகு அது குறைக்கப்பட்டது. ஊருக்கு ஊர் இளைஞர்கள் கொதித்து எழுந்த காலம் அது.

நா. வா.வும் இளைஞர்தானே? விவசாயிகளும் தொழிலாளிகளும் படும் பாடு அவர் மனதை உறுத்தியது. அவர் பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்தார்.

பிறகு பள்ளிக்கூட வேலையை விட்டார். பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்தினார். பரீட்சையில் தோற்ற பிள்ளைகளுக்கு அங்கே பாடம் நடக்கும். இப்படிப்பட்ட கல்லூரியை "டுடோரியல்" என்பார்கள். அதுவே அவருடைய பிழைப்பு. பல்கலைக்கழகப் பதவி இல்லாமலேயே அவரைப் "பேராசிரியர்" என்று ஊர் அழைத்தது.

தடையும் ஜெயிலும்

1947-ல் சுதந்திரம் வந்தது. ஆனால் கொந்தளிப்பு ஓயவில்லை. அடுத்த ஆண்டே பொதுவுடைமைக் கட்சிக்கும் சர்க்காருக்கும் மோதல் முற்றியது. கட்சிக்காரர்கள் தேடித் தேடிக் கைது செய்யப்பட்டார்கள். 1949-ல் சென்னை மாகாணத்தில் கட்சியே தடை செய்யப்பட்டது. பலர் தலைமறைவு ஆனார்கள். பலர் ஜெயிலுக்குப் போனார்கள்.

நா. வா.வும் கைதாகிச் சிறை சென்றவர்தான்.

கட்சிக்குத் தடை வந்ததால் சிலர் மனம் ஒடிந்துபோனார்கள். சிலர் அரசியலே வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டார்கள். நா. வா. ஒதுங்கவில்லை. ஆனால் அவர் புதிதாக ஒரு வேலையையும் கையில் எடுத்தார்.

ஜனங்களுக்காகப் பாடுபடுகிறோம் என்கிறோம். அந்த ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள்? எதற்கு அழுகிறார்கள்? எதற்குச் சிரிக்கிறார்கள்? அவர்கள் எழுதி வைத்த புத்தகம் ஏதாவது உண்டா?

புத்தகம் இல்லை. அவர்களுக்கு எழுதத் தெரியாது. ஆனால் பாட்டு இருந்தது.

அரசனைப் பற்றித் தெரிய வேண்டுமா? கல்வெட்டு இருக்கிறது. கோவிலைப் பற்றித் தெரிய வேண்டுமா? தல புராணம் இருக்கிறது. களை பறித்தவளைப் பற்றித் தெரிய வேண்டுமா? அவள் பாடிய பாட்டைத் தவிர வேறு சாட்சி இல்லை. நா. வா. கண்ட உண்மை இதுதான்.

முன்னே நடந்தவர்கள்

இந்த வழியில் அவருக்கு முன்பே சிலர் நடந்தது உண்டு.

சார்லஸ் கோவர் என்ற ஆங்கிலேயர் 1871-ல் தென்னிந்தியாவின் நாட்டுப் பாடல்களை ஆங்கிலத்தில் புத்தகமாக வெளியிட்டார். பெர்சி மக்வீன் என்ற வெள்ளைக்கார கலெக்டர் தமிழ்க் கிராமங்களில் பாட்டுகளைச் சேர்த்தார். அவர் சேர்த்தவற்றைக் கி. வா. ஜகந்நாதன் பதிப்பித்து, "மலையருவி" என்ற பெயரில் 1958-ல் நூலாக்கினார். மு. அருணாசலம் "காற்றிலே மிதந்த கவிதை" என்று ஒரு நூல் எழுதினார். பெயரே எவ்வளவு பொருத்தம் பாருங்கள்!

அவர்கள் எல்லாரும் பாட்டின் அழகில் மயங்கினார்கள். நா. வா.வும் மயங்கினார். ஆனால் அதோடு அவர் நிற்கவில்லை. இந்தப் பாட்டைப் பாடியவர் என்ன வேலை செய்கிறவர்? அவருக்குச் சொந்த நிலம் உண்டா? எந்தச் சாதி? எந்த ஊர்? ஏன் இப்படிப் பாடினார்? இவ்வளவு கேள்வியும் கேட்டார்.

இளைஞர் படை

ஒரு மனிதர் எத்தனை ஊருக்குப் போக முடியும்? அந்நாளில் டேப் ரிக்கார்டர் அரிது. விலையும் அதிகம். டுடோரியல் வாத்தியாருக்கு அது எட்டாத பொருள்.

அதனால் அவர் இளைஞர்களைத் துணைக்குச் சேர்த்தார். கிராமத்து வாத்தியார்கள், கவிஞர்கள், கட்சி ஊழியர்கள் என்று பலர் முன்வந்தார்கள்.

விளாத்திகுளம் பக்கத்துத் தங்கம்மாள்புரத்தைச் சேர்ந்தவர் எஸ். எஸ். போத்தையா. கரிசல் காட்டுப் பாட்டுகளை அவர் சேர்த்தார். சிவகிரிப் பக்கத்தில் எஸ். எம். கார்க்கி சேர்த்தார். தூத்துக்குடிப் பக்கத்தில் எம். பி. எம். ராஜவேலு சேர்த்தார். சேலம் ஜில்லாவில் வாழப்பாடி சந்திரன் சேர்த்தார்.

பாட்டுச் சேர்ப்பது சுலபமான வேலை என்று நினைக்காதீர்கள். வெள்ளை வேட்டி கட்டிய ஆள் ஊருக்குள் நோட்டும் பென்சிலுமாக நுழைந்தால், யாரும் சட்டென்று பாட மாட்டார்கள். இவன் வரி போட வந்தவனோ என்று பயப்படுவார்கள். பெண்களுக்கு வெட்கம் வேறு. ஒப்பாரியைச் சும்மா பாடச் சொன்னால், வீட்டுக்கு ஆகாது என்று வாயைப் பொத்திக்கொள்வார்கள். தாலாட்டு வேண்டுமானால் மடியில் குழந்தை வேண்டும். நடவுப் பாட்டு வேண்டுமானால் கையில் நாற்று வேண்டும். வேலையும் பாட்டும் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடப்பவை. ஒன்றை விட்டு ஒன்றைப் பிரித்தால் பாதி மறந்துபோகும்.

ஆகையால் அந்த ஊர்க்காரராக இருப்பவரே அங்கே சேகரிக்க முடியும். சொந்தக்காரப் பையன் கேட்டால்தான் பாட்டி பாடுவாள். நா. வா.வின் இளைஞர் படைக்குப் பலம் இதுதான்.

பேச்சை மாற்றாதே!

பாட்டு கைக்கு வந்ததும் இன்னொரு சோதனை வரும். படித்தவர்களுக்கு உடனே கை அரிக்கும். கொச்சையாக இருக்கிறதே, திருத்திவிடலாமே என்று தோன்றும். "வாரான்" என்றால் "வருகிறான்" என்று எழுதத் தோன்றும். இந்த வரி அசிங்கம், அந்த வரி வேண்டாம் என்று வெட்டத் தோன்றும்.

நா. வா. அப்படிச் செய்யவில்லை. கிராமத்துச் சொல்லைக் கிராமத்துச் சொல்லாகவே அச்சில் ஏற்றினார். புரியாத சொல் இருந்தால் பாட்டின் அடியில் "வட்டார வழக்கு" என்று போட்டுப் பொருள் சொன்னார்.

அதோடு இன்னொன்றும் செய்தார். பாட்டைச் சேகரித்தவர் பெயரையும், சேகரித்த இடத்தையும் அதன் அடியிலேயே அச்சிட்டார். உதவியவர் யார் என்று தெரிந்தால் அதையும் போட்டார். புத்தகத்தின் அட்டையில் தொகுப்பாசிரியர் என்று தம் பெயர் இருந்தாலும், உழைத்தவர் பெயரை அவர் மறைக்கவில்லை.

இது சின்ன விஷயம் போலத் தோன்றும். சின்ன விஷயம் அல்ல. இடம் தெரிந்தால்தான் அந்தப் பாட்டு கரிசல் பாட்டா, நஞ்சைப் பாட்டா, மலைப் பாட்டா என்று தெரியும். ஊர் பேர் இல்லாத பாட்டு, விலாசம் இல்லாத கடிதம் மாதிரி.

பிறப்பு முதல் இறப்பு வரை

"தமிழ்நாட்டுப் பாமரர் பாடல்கள்" என்ற தொகுப்பை அவர் முதலில் கொண்டுவந்தார். பிறகு 1964-ல் "தமிழர் நாட்டுப் பாடல்கள்" என்ற பெரிய நூல் வந்தது.

அந்த 1964-ம் ஆண்டு எப்படிப்பட்ட ஆண்டு தெரியுமா? பொதுவுடைமைக் கட்சி இரண்டாகப் பிளந்த ஆண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால்தான் சீனா படையெடுத்து வந்தது. அதையொட்டிக் கட்சிக்குள் சண்டை மூண்டது. நேற்று வரை ஒரே ஜெயிலில் கிடந்தவர்கள் இன்று எதிர் எதிர் மேடையில் நின்று ஏசினார்கள். தமிழகத்தில் அந்தக் கட்சியின் பெரிய பேச்சாளரும், கலை இலக்கியத்தில் ஆர்வம் மிகுந்தவருமான ப. ஜீவானந்தம் 1963-ல் காலமாகிவிட்டார். மறுபுறம் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சி கனன்றுகொண்டு இருந்தது. 1965-ல் அது பெரும் தீயாகப் பற்றியது.

இவ்வளவுக்கும் நடுவில்தான் தாலாட்டும் நடவுப் பாட்டும் அச்சேறின.

அந்த நூலைத் திறந்தால் ஒரு கிராமத்து மனிதனின் முழு வாழ்வும் தெரியும். மழைக்குத் தெய்வத்தை வேண்டும் பாட்டு, தாலாட்டு, பிள்ளைகள் விளையாட்டுப் பாட்டு, காதல் பாட்டு, கலியாணப் பாட்டு, குடும்பச் சண்டைப் பாட்டு, உழவுப் பாட்டு, கடைசியில் ஒப்பாரி.

இங்கேதான் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நா. வா. கட்சிக்காரர். பணக்காரனை ஏழை எதிர்க்கும் பாட்டாகப் பார்த்து அவர் பொறுக்கியிருக்கலாம். தம் கட்சிக்கு ஆகாத பாட்டை விட்டிருக்கலாம். சாமி கும்பிடும் பாட்டு எதற்கு, விதியை நொந்துகொள்ளும் பாட்டு எதற்கு என்று தள்ளியிருக்கலாம்.

அவர் தள்ளவில்லை. ஜனங்கள் சாமியைப் பாடினார்கள். அதையும் போட்டார். மாமியாரை ஏசினார்கள். அதையும் போட்டார். தலைவிதி என்று அழுதார்கள். அதையும் போட்டார். அந்தப் பாட்டுகளுக்கு அவர் எழுதிய விளக்கத்தில் அவருடைய கொள்கை இருக்கும். அதை ஒப்புக்கொள்வதும் மறுப்பதும் படிப்பவர் விருப்பம். ஆனால் பாட்டு பாடியவளுடைய பாட்டாகவே இருக்கும். அவருடைய அரசியலைப் பிடிக்காதவர்களும் அந்த நூலை விரும்பிப் படித்ததற்குக் காரணம் இதுதான்.

புதுக்கோட்டைக் காட்டில்

சின்னப் பாட்டுகளோடு அவர் நிற்கவில்லை. விடிய விடியப் பாடும் கதைப் பாட்டுகளையும் தேடினார்.

அவற்றில் ஒன்று நம் புதுக்கோட்டைச் சீமையோடு தொடர்பு உடையது. அதுதான் கட்டபொம்மு கதைப் பாட்டு.

1799-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை வெள்ளையர் கையில் விழுந்தது. கட்டபொம்மன் தப்பி வடக்கே வந்தார். புதுக்கோட்டைத் தொண்டைமான் நாட்டில், திருமயம் பக்கத்துக் காட்டில் அவரைப் பிடித்தார்கள். வெள்ளையரிடம் ஒப்படைத்தார்கள். அக்டோபர் 16-ந்தேதி கயத்தாறில் அவர் தூக்கில் போடப்பட்டார். திருமயம் கோட்டையை "ஊமையன் கோட்டை" என்று சொல்வது உங்களுக்குத் தெரியும். ஊமையன் என்ற ஊமைத்துரை, கட்டபொம்மனின் தம்பி. பாளையங்கோட்டைச் சிறையில் இருந்து 1801-ல் தப்பி, இடிந்த கோட்டையை மறுபடி எழுப்பிப் போரிட்ட வீரர் அவர்.

வெள்ளைக்காரன் இந்தக் கதையைத் தன் தஸ்தாவேஜில் எழுதினான். அதில் கட்டபொம்மன் கலகக்காரன். கிராமத்து ஜனங்கள் தங்கள் பாட்டில் எழுதினார்கள். அதில் அவர் வீரர்.

1959-ல் கட்டபொம்மன் சினிமாப் படம் வந்தது. சிவாஜி கணேசன் பேசிய வசனம் பட்டிதொட்டி எல்லாம் முழங்கியது. அவர் வீரரா, கொள்ளைக்காரரா என்று பத்திரிகைகளில் வாதம் நடந்தது.

நா. வா. என்ன செய்தார்? ஜனங்கள் பாடிய கதைப் பாட்டை எடுத்தார். ஒன்றுக்கொன்று வேறுபட்ட பாடங்களைப் பார்த்தார். பதிப்பித்தார். 1971-ல் மதுரைப் பல்கலைக்கழகம் அதை வெளியிட்டது.

பாட்டில் கட்டபொம்மன் வீரர்தான். ஆனால் பாட்டு ஒரு பக்கமாக மட்டும் பேசவில்லை. தானாதிபதிப் பிள்ளை ஸ்ரீவைகுண்டத்து நெல் களஞ்சியத்தைக் கொள்ளையிட்ட கதையும் அதில் வருகிறது. கெட்ட கனவு கண்டு, போருக்குப் போகாதே என்று வெள்ளையத்தேவனைத் தடுத்து அழுத மனைவி வெள்ளையம்மாளும் வருகிறாள். வெற்றி முழக்கம் மட்டும் அல்ல, ஒரு பெண்ணின் பயமும் பாட்டில் இருக்கிறது. சர்க்கார் தஸ்தாவேஜில் வெள்ளையம்மாளுக்கு ஏது இடம்?

மதுரையை ஆண்டு, 1764-ல் தூக்கில் தொங்கிய கான்சாகிபுவின் கதைப் பாட்டையும் நா. வா. பதிப்பித்தார். ஐவர் ராஜாக்கள் கதையையும் பதிப்பித்தார்.

செருப்புக் காணிக்கை

அவர் பதிப்பித்தவற்றில் மனதை உருக்குவது முத்துப்பட்டன் கதை.

பாபநாசத்துக்கு மேலே, காரையாறு மலைக்காட்டில் சொரிமுத்து அய்யனார் கோவில் இருக்கிறது. ஆடி அமாவாசைக்கு அங்கே கூட்டம் அலைமோதும். அங்கே பட்டவராயன் சன்னதியில் பக்தர்கள் காணிக்கையாகக் கட்டுவது என்ன தெரியுமா? செருப்பு!

சாமிக்குச் செருப்பா என்று திகைக்க வேண்டாம். அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

முத்துப்பட்டன் ஒரு பிராமணன். அண்ணன்மாரோடு மனத்தாங்கல் கொண்டு ஊரை விட்டுப் போனவன். ஒரு நாள் காட்டு வழியில் இரண்டு பெண்கள் பாடும் குரல் கேட்டது. பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியர் குலத்துச் சகோதரிகள். பாட்டைக் கேட்டு மயங்கிய பட்டன், அவர்களை மணக்க ஆசைப்பட்டான்.

பெண்களின் தகப்பன் வாலப்பகடை பயந்துபோனான். உயர்ந்த சாதிக்காரன் இன்று கேட்பான், நாளை கைவிடுவான் என்று நினைத்தான். ஆகவே நிபந்தனை போட்டான். பூணூலை அறுக்க வேண்டும். குடுமியை எடுக்க வேண்டும். செருப்புத் தைக்கக் கற்க வேண்டும். பட்டன் எல்லாவற்றுக்கும் இணங்கினான். செருப்புத் தைத்தான். கலியாணம் நடந்தது.

சுகமாக வாழ விதி விடவில்லை. மாடு திருடர்கள் வந்தார்கள். மந்தையைக் காக்கப் போன பட்டன் போரிட்டு மாண்டான். கலியாணக் கோலம் கலையாத இரண்டு பெண்களும் அவனோடு தீக்குளித்தார்கள். மூவரும் தெய்வம் ஆனார்கள். வில்லுப்பாட்டில் இந்தக் கதையைப் பாடும்போது கேட்பவர் கண்ணில் நீர் வழியும்.

மாற்றியது யார்?

இந்தக் கதையில் ஒரு சிக்கல் இருந்தது.

பாட்டின் ஒரு பாடத்தில் வேறு விதமாக வருகிறது. அந்தப் பெண்கள் உண்மையில் சக்கிலியர் குலத்தில் பிறந்தவர்கள் அல்லவாம். பிராமணக் குழந்தைகளாகப் பிறந்து காட்டில் கிடந்தார்களாம். வாலப்பகடை எடுத்து வளர்த்தானாம்.

ஏன் இப்படி ஒரு மாற்றம்? நா. வா. இதை ஆராய்ந்தார். சாதி விட்டுச் சாதி நடந்த கலியாணத்தை மேல் சாதிக்காரர்களால் சகிக்க முடியவில்லை. கதையை அழிக்கவும் முடியவில்லை. ஜனங்கள் அதைத் தெய்வமாகக் கும்பிடுகிறார்களே! ஆகவே பெண்களின் பிறப்பை மாற்றிவிட்டார்கள். கலியாணம் இருக்கும், ஆனால் சாதிக்குக் கேடு இராது. இதுவே அவருடைய முடிவு.

இதைச் சொன்னவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். நாங்குநேரி வைணவத் தெருவில் பிறந்த பிராமணர். தம் குலத்தாருக்குப் பிடிக்குமா, பிடிக்காதா என்று அவர் பார்க்கவில்லை. பாட்டை யார் திருத்தினாலும் அது பாடியவனிடம் செய்யும் திருட்டுத்தான் என்பதை அவருடைய வேலை காட்டியது.

கட்சிக்காரர் தம் கட்சிக்காகப் பாட்டைத் திருத்தவில்லை. பிராமணர் தம் சாதிக்காகப் பாட்டைத் திருத்தவில்லை. நா. வா.வின் பெருமை இந்த இரண்டு வரியில் அடங்கிவிடும்.

மாதம் ஒரு கூட்டம்

1967-ல் தமிழ்நாட்டில் ஆட்சி மாறியது. காங்கிரஸ் தோற்றது. தி. மு. க. வென்றது. ஊரெல்லாம் அரசியல் பேச்சு. அதே ஆண்டில் பாளையங்கோட்டையில் நா. வா. ஒரு சின்னக் குழுவைத் தொடங்கினார். பெயர் "நெல்லை ஆய்வுக் குழு".

அதில் ஆடம்பரம் ஒன்றும் இல்லை. மாதம் ஒரு முறை கூடுவார்கள். ஒருவர் கட்டுரை படிப்பார். மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். பள்ளி, கல்லூரி ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் இளைஞர்களும் வருவார்கள். பெரிய பட்டம் வாங்கியவர் என்று யாருக்கும் தனி நாற்காலி கிடையாது. சொன்னதற்கு ஆதாரம் கேட்பார்கள். ஆதாரம் இல்லை என்றால் தப்ப முடியாது.

1969-ல் "ஆராய்ச்சி" என்ற பத்திரிகையையும் தொடங்கினார். சினிமாப் படமும் இல்லை, தொடர்கதையும் இல்லை. அப்படிப்பட்ட பத்திரிகை எப்படி விலைபோகும்? லாபத்துக்காக அவர் அதை நடத்தவில்லை. புதிதாக எழுதும் இளைஞர்களுக்கு ஓர் இடம் வேண்டும் என்றே நடத்தினார்.

அந்தக் குழுவில் பழகியவர்களில் பலர் பிற்காலத்தில் பெயர் பெற்ற ஆய்வாளர்கள் ஆனார்கள். ஆ. சிவசுப்பிரமணியன் அவர்களில் ஒருவர். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இன்று நாட்டார் வழக்காற்றியல் என்று ஒரு பாடமே இருக்கிறது. அதற்கு அடித்தளம் போட்டவர்களில் நா. வா. முக்கியமானவர்.

சாதாரண ஜனங்களுக்காக அவர் விஞ்ஞான நூல்களும் எழுதினார். இரும்பின் கதை, ரப்பரின் கதை என்று எளிய தமிழில் எழுதினார். படிக்காதவனிடம் இருந்து பாட்டை வாங்கினார். பதிலுக்கு அவனுடைய பிள்ளைக்கு விஞ்ஞானத்தைக் கொடுத்தார்.

மறைவு

1980-ம் ஆண்டு பிப்ரவரி 2-ந்தேதி நா. வானமாமலை காலமானார். அப்போது அவருக்கு வயது 62.

அவர் காலத்துக்குப் பிறகு உலகம் வேகமாக மாறியது. ஏற்றம் போய்ப் பம்புசெட் வந்தது. ஏற்றப் பாட்டு நின்றது. அம்மியும் உரலும் ஓய்ந்தன. குத்துப் பாட்டு நின்றது. நாற்று நட இயந்திரம் வந்தது. வலை இழுக்க மோட்டார் வந்தது. வேலை போனால், அதோடு பிறந்த பாட்டும் போகத்தானே செய்யும்?

வேலை சுலபமானதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. முதுகு ஒடிய ஏற்றம் மிதித்தவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். ஆனால் அவன் பட்ட பாடும், அந்தப் பாட்டிலும் அவன் கண்ட சந்தோஷமும் பேரப்பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா? 1964-ல் அந்தப் புத்தகம் வராமல் இருந்தால், அதில் உள்ள பாட்டுகளில் எத்தனை இன்று மிஞ்சியிருக்கும்?

உங்கள் வீட்டில்

நா. வா. சேர்த்தவற்றில் பெரும் பகுதி திருநெல்வேலிச் சீமைப் பாட்டுகள். மீமிசல் கடற்கரையில் பாடிய பாட்டு மீமிசல்காரர் வீட்டில்தான் இருக்க வேண்டும். அம்மாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், ஆவுடையார்கோவில் பக்கத்துப் பாட்டு அந்தந்த ஊர்த் திண்ணையில்தான் இருக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் வயதான பாட்டி இருக்கிறாரா? கடலுக்குப் போய் ஓய்ந்த தாத்தா இருக்கிறாரா? இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பக்கத்தில் உட்காருங்கள். அந்தக் காலத்தில் என்ன பாடுவீர்கள் என்று கேளுங்கள். முதலில் வெட்கப்படுவார்கள். மறந்துபோச்சு என்பார்கள். விடாதீர்கள். முதல் அடி வந்துவிட்டால் மற்றது தானாக வரும்.

நா. வா.வுக்கு டேப் ரிக்கார்டர் அரிதாக இருந்தது. உங்கள் கையில் செல்போன் இருக்கிறது. குரலையே பிடித்து வைக்கலாம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளை விட்டு நோட்டில் எழுதவும் சொல்லுங்கள்.

எழுதும்போது ஒரு வார்த்தையையும் திருத்தாதீர்கள். கொச்சை என்று ஒதுக்காதீர்கள். பாட்டின் கீழே மூன்று விஷயம் எழுதுங்கள்: பாடியவர் பெயர், ஊர், தேதி.

அது போதும். அந்தப் பாட்டுக்கு விலாசம் கிடைத்துவிடும். பாளையங்கோட்டை வாத்தியார் அன்று தொடங்கிய வேலை உங்கள் வீட்டிலும் தொடரும்.